அப்பாவின் பெரட்டில் ஒரு புது ஆள்

பெர்த்துக்கும் மலேசியாவின் கோலசிலாங்கூருக்கும் கடிகாரம் ஒன்றுதான். இங்கே காலை ஆறு என்றால் அங்கேயும் ஆறு. ஆனால் கோடையில் ஆறு மணிக்கே பெர்த்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், அங்கே கும்மிருட்டு. ஆஸ்திரேலியாவுக்கு வந்து பதினொரு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை.

கொரோனா காலத்தில் அந்த ஆறு மணிக்குத்தான் கைப்பேசியில் அப்பாவைப் பார்ப்பேன். செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் மண்டோராக ஆள்களை மேய்த்தவர், ஞாபகம் தவறி அசாம் ஜாவா பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். எல்லாம் மறந்தவருக்குப் பெரட்டு மட்டும் மறக்கவில்லை. விடியுமுன் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. "ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, தொறங்க!" என்று தினமும் கேட்டைப் பிடித்து உலுக்குவார்.

முதியோர் இல்லங்களுக்கு வெளியார் போகக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்த அன்றே, இல்லத்தை நடத்தும் தனம் அக்கா துணிமணியைக் கட்டிக்கொண்டு உள்ளேயே குடிவந்துவிட்டார். புருஷன் சாமான் வாங்கிவந்து கேட்டில் வைத்துவிட்டுப் போவார். "வெளிய போயிட்டு வந்தா நான்தான்லா கிருமி" என்றார் அக்கா. நானும் இங்கே முதியோர் இல்லத்தில்தான் வேலை பார்க்கிறேன். ஆனால் சாயங்காலமானால் வீட்டுக்குப் போய்விடுவேன். அக்காவுக்கு முன்னால் நான் எம்மாத்திரம்.

தினமும் காய்ச்சல் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. "நெத்தியில துப்பாக்கிய வைக்கிறா!" என்று கிழடுகள் கத்தின. அக்கா ஒரு நோட்டை அப்பாவிடம் நீட்டினார்.

"மண்டோரே, பேரு கூப்பிடுங்க."

அப்பா கூப்பிட்டார். எல்லாம் எங்கள் பழைய தோட்டத்துப் பேர்கள். பாதிப் பேர் செத்தே போய்விட்டார்கள். இல்லத்தில் இருந்தவர்களோ வேறு வேறு தோட்டத்துக்காரர்கள். ஆனாலும் அந்தக் குரலுக்கு எல்லோரும் தாமாக வரிசையில் வந்து நின்றார்கள். "மாரியாயி!" என்றதும் மீசைக்காரர் ஒருவர் "இருக்கேன்யா" என்று நெற்றியை நீட்டினார். அக்கா யாரையும் திருத்தவில்லை. காலை வேலையில் என் தோளுக்குப் பின்னால் நின்று கைப்பேசியைப் பார்த்த எங்கள் இல்லத்து மேற்பார்வையாளர் ஹெலன், "ப்ரேயரா?" என்று கேட்டாள். "யெஸ்" என்றேன். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

அத்தனை பேரில் என் பேர் மட்டும் ஒருநாளும் வரவில்லை. அது வலித்தது. அப்பா கண்மூடுவதற்குள் ஒரு தடவையாவது அவர் முன்னால் போய் நின்றுவிட வேண்டும் என்று துடித்தேன். குடியுரிமை தந்த நாடு வெளியே விடவில்லை. பிறந்த நாட்டுக்குள் நுழையவும் அனுமதி வேண்டும். முதல் விண்ணப்பத்துக்குக் கிடைத்தது மறுப்பு. சட்டம் போட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே, தங்கள் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அழுத வெள்ளைக்காரப் பிள்ளைகளை அதே சட்டத்தைச் சொல்லி எங்கள் இல்லத்து வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். உள்ளே ஒரு கிழவருக்கும் காய்ச்சல் வராத போதுதான் கோபம் ஆறியது. இரு அரசாங்கங்களும் சரியாகத்தான் செய்தன.

இரண்டாம் முறை அனுமதி கிடைத்தது. கோலாலம்பூர் ஹோட்டலில் தனிமைக்காலம் முடித்து அசாம் ஜாவாவுக்குப் போனேன். "தம்பி, உள்ள விட முடியாது. கோவிச்சுக்காதீங்க" என்றார் அக்கா. அவரைக் கும்பிடத் தோன்றியது.

கேட்டுக்கு வெளியே நின்றேன். அப்பா நோட்டோடு வந்து முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த என் கண்களைப் பார்த்தார்.

"எந்தத் தோட்டம்?"

"பெர்த்துங்க."

"தூரமாச்சே. பேரு?"

அவர் வைத்த பேரை அவரிடமே சொன்னேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதுல இல்லையே" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

"புது ஆளு. நாளைக்கு நேரத்தோட வந்துரு."

நான்கு நாள் நேரத்தோடு போனேன். கடைசியாக என் பேரைக் கூப்பிடுவார், "இருக்கேன்யா" என்பேன். ஐந்தாம் நாள் பெட்டியோடு போனேன். பெரட்டு முடிந்தது. அன்றும் அப்பா, "நாளைக்கு நேரத்தோட வந்துரு" என்றார்.

விமான நிலையத்துக்குப் போக டாக்சி நின்றுகொண்டிருந்தது.

"வரேன்யா" என்றேன்.