காலடியில் பட்ட ஈரம்

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்கு எதிரே கார் பட்டறை வைத்திருந்த சந்தியாகுவுக்கு மனைவி மேரிதான் உதவியாள். "ரேஸ் குடு மேரி" என்று அவன் சொன்னால், அவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவள் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை.

ஒருநாள் எளாவூர் இறால் வியாபாரி கோதண்டம் காரோடு வந்தார். "ரேடியேட்டர்ல தெனமும் தண்ணி கொறையுது. கீழ ஒரு சொட்டுகூட இல்ல. இன்னானு பாருப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

சந்தியாகு ரேடியேட்டர் வாயில் பிரஷர் பம்பை மாட்டிக் காற்றடித்தான். பம்பின் அழுத்தமானி முள் ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. எங்கோ கசிகிறது. குழாய்களைத் தடவினான், அடியில் படுத்துப் பார்த்தான். எல்லாம் காய்ந்திருந்தன. இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்க நினைத்தான்.

"ரேஸ் குடு மேரி."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவனே போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தான். சாவியைத் திருகக் கை வரவில்லை. அப்போது வெறுங்காலில் ஈரம் பட்டது. விரிப்பைத் தொட்டு முகர்ந்தான். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டின் இனிப்பு வாசனை. ரேடியேட்டர் தண்ணீர் போய்வரும், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரில்தான் ஓட்டை.

"நான் ஏசி தண்ணினுல்ல நெனச்சேன்!" என்று டீ குடித்துவிட்டு வந்த கோதண்டம் ஈரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த ஊர்ல ஹீட்டர் இன்னாத்துக்குண்ணே? அத்த உட்டுட்டு பைப்ப நேரா சேத்துடறேன்."

சேர்த்து மறுபடி காற்றடித்தான். முள் அசையவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பாத்துடலாம், குந்துண்ணே."

"அதான் முள்ளு நிக்குதேப்பா. இறால் கெட்டுடும்" என்று அவர் கிளம்பினார்.

சந்தியாகு கைகழுவி, சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தான்.