ஒரு வரித் திருத்தம்

அட்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில், மேசைமேல் நான் ஒருகாலத்தில் எழுதிய தினசரியின் ஆண்டு நிறைவு மலர் கிடந்தது. புரட்டியதும் புது மையின் வாசனை மண்ணெண்ணெய் போல மூக்கில் ஏறியது. நிறுவனர், அவர் மகன், பிறகு வாங்கிய முதலாளி என்று பக்கம் பக்கமாகப் படங்கள். நான் தேடிய பழைய பிரதம ஆசிரியரைத்தான் காணோம்.

தொண்ணூறுகளில் நான் அந்தப் பத்திரிகையின் அட்டன் நிருபர். நிருபர் அட்டை வெளியே தெரியும்படி சட்டைப் பையில் செருகிக்கொண்டு நடப்பேன். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். கொழும்பில் பிரதம ஆசிரியராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். செய்தி போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் கூப்பிடுவார். "பொலிஸ் சொன்னதை மட்டும் வச்சு எழுதாதையும். வீட்டுக்காரரைக் கண்டனீரோ?" மழையில் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளுக்கு, லயம் லயமாக ஏறும்போது அவரைத் திட்டிக்கொண்டேதான் ஏறுவேன். பிழை வந்துவிட்டால் முதல் பக்கத்திலேயே திருத்தம் போடுவார்.

நிறுவனரின் மகன் பத்திரிகையை ஒரு சீமெந்து வியாபாரிக்கு விற்றார். கொஞ்ச நாளில் பிரதம ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பொலிஸார் பாஸ்கரனைப் பிடித்தார்கள். அக்கரப்பத்தனைப் பையன், கொழும்பில் புடவைக் கடையில் வேலை. ஊருக்கு வரும் வழியில், அடையாள அட்டை இல்லையென்று சோதனைச் சாவடியில் இறக்கிக்கொண்டார்கள். கொழுந்து பறிக்கும் அவன் அக்கா செல்வராணியைப் பார்த்துப் பேசி, அதைத்தான் எழுதினேன். வீட்டிலிருந்த ஒரே படத்தையும் அவள் கழற்றிக் கொடுத்தாள். பத்திரிகை காலை ரயிலில் வந்தது. அந்தப் படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில், "குண்டுதாரி சிக்கினார்."

பல மாதம் கழித்து, குற்றமே இல்லையென்று நீதிமன்றம் அவனை விட்டது. செல்வராணி என் அறைக்கு வந்தாள்.

"சேர், தம்பிய விட்டுட்டாங்க. அதையும் பேப்பர்ல போட்டுடுங்க. எந்தக் கடையிலயும் வேலைக்கு எடுக்க மாட்டேங்கறாங்க. அந்தப் பேப்பரத்தான் காட்டுறாங்க."

அனுப்பினேன். வரவில்லை. மறுபடியும் அனுப்பினேன். கடைசியில் தொலைபேசியில் பிடித்தேன். "பொலிஸோட மனஸ்தாபம் வேணாம்னு முதலாளி சொல்றார், விடுங்க" என்றார் புதிய செய்தி ஆசிரியர். ஒரு வரி போதும் என்று கெஞ்சினேன். சிரித்தார். வேலையை விட்டேன். அதற்காக அங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சண்டை மறுபடி மூண்ட காலத்தில், பஸ்ஸுக்கு நின்ற பாஸ்கரன் பக்கத்தில் ஒரு வான் வண்டி வந்து நின்றதாம். பத்திரிகையில் வந்தவன் நீதானே என்று அதிலிருந்தவர்கள் சிங்களத்தில் கேட்டு ஏற்றிக்கொண்டார்களாம். அதன்பிறகு அவனை யாரும் காணவில்லை.

செல்வராணி மறுபடி வந்தாள். "காணாமப் போயிட்டான்னாவது போடுவாங்களா சேர்?"

நான் இப்போது நிருபர் இல்லை என்றேன்.

"அப்ப யாருகிட்டங்க போறது?"

அவள் படியிறங்கிப் போனாள்.

பிரதம ஆசிரியர் கொழும்பில் ஒரு வாடகை அறையில் செத்துப்போனார். செல்வராணி வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனவள், திரும்பவில்லை என்கிறார்கள். போன மாதம் அக்கரப்பத்தனைக்குப் போய், அந்த லயத்தில் பாஸ்கரன் வீடு எது என்று கேட்டேன்.

வாசலில் நின்ற பெண் உள்ளே திரும்பி யாரையோ விசாரித்துவிட்டு வந்தாள்.

"அப்புடி யாரும் இங்க இருந்ததில்லீங்களே."