விரிசல் விழாத சுவர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிழைக்க வந்த ஊரான தேஹு ரோட்டில் என் வீடும் சகலையின் வீடும் அடுத்தடுத்த பழைய கட்டடங்களில். நடுவில் பொதுவான போர்வெல். தண்ணீர் இறங்க இறங்க ஆழப்படுத்திக்கொண்டே போனோம்.

போன கோடையில் சகலை கட்டடத்தில் விரிசல் விட்டது. நிலம் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு என்ஜினியர் அம்மா வந்தார். விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையுமாம். எங்கள் கட்டடத்தில் ஒட்டுவதற்கு ஒரு விரிசல்கூட இல்லை.

கண்ணாடிகள் உடைந்தன. அந்தக் கட்டடத்தை இடித்துக் கட்ட வேண்டும் என்றார்கள். பில்டர் வந்தான். மேலே கூடுதல் மாடிகள் கட்டி விற்றுக்கொள்வானாம், இருப்பவர்களிடம் காசு வாங்க மாட்டானாம். சகலைக்குப் புது வீடு, ஓர் அறை கூடுதலாக, லிஃப்டோடு. எனக்கு வயிறு எரிந்தது. சோறு தின்னும்போதுகூட என் சுவரில் கோடு தேடினேன். தட்டிப் பார்த்தால் சுண்ணாம்புதான் உதிர்ந்தது.

கூச்சத்தை விட்டு அந்த அம்மாவிடம் அரைகுறை இந்தியில் கேட்டேன், எங்கள் கட்டடமும் கொஞ்சம் இறங்கியிருக்குமே என்று. நான் பயப்படுவதாக நினைத்து ஆறுதல் சொன்னார். எங்களுக்கு அடியில் பாறையாம். அவர்களுக்கு அடியில் பழைய ஓடையை மூடிய கரிசல் மண். போர்வெல் நீரை உறிஞ்சினால் அது சுருங்கும். போர்வெல்லை மூடாவிட்டால் புதுக் கட்டடமும் இறங்கும், அதனால் மூடினால்தான் பில்டர் கையெழுத்துப் போடுவானாம். அதற்கு எங்கள் கட்டடமும் சம்மதிக்க வேண்டும்.

அதை முடிவு செய்ய எங்கள் கட்டடத்தில் வைத்த கூட்டத்துக்கு முந்தின நாள் சகலையும் மச்சினியும் வந்தார்கள்.

"வீடு அவங்களுக்கு, டேங்கர் தண்ணி நமக்கா?" என்றாள் என் மனைவி, தங்கை முகத்தைப் பார்க்காமலே. நான் சொல்ல நினைத்தது அதுதான்.

மச்சினி என்னிடம் சொன்னாள்: "மாமா, பாப்பா தூங்குற ரூம் கதவு நேத்து தொறக்கவே இல்ல. ஒதச்சுத்தான் தொறந்தோம்."

போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே இருந்த விரிசலுக்குள் என் விரல் போனது.

கூட்டத்தில் மூடலாம் என்று கை தூக்கினேன். என்னைப் பார்த்து இன்னும் சிலர் தூக்கினார்கள். போர்வெல்லை சிமெண்ட் போட்டு மூடினார்கள். இன்று காலை சகலை குடும்பம் வானவடியில் வாடகை வீட்டுக்குப் போனது. கட்டிலை நான்தான் ஒரு பக்கம் பிடித்து இறக்கினேன். டெம்போ கிளம்பும் முன் சகலை புது வீட்டின் வரைபடத்தைக் காட்டினான்.

"பால்கனி எவ்வளவு பெருசு?" என்று மட்டும் கேட்டேன்.

2025 ஜூன் 8, ஞாயிறு