தினமும் பதினொன்றரைக்கு நின்ற கம்ப்யூட்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சின்னக்கானலில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் நான் ஆசிரியையாக இருந்தபோது நடந்தது இது. ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதோடு இணைத்த பதினெட்டுத் திரைகள், அவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. மாணவர்கள் எல்லாரும் ஒரே பயனர் பெயரில்தான் உள்ளே போவார்கள். ஆளுக்கொரு பெயர் கொடுத்தால் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று தினமும் வந்து நிற்பார்கள், அந்தத் தலைவலி வேண்டாம் என்று நான்தான் அப்படி வைத்திருந்தேன்.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தினமும் பதினொன்றரை வாக்கில் எல்லாத் திரைகளும் அசையாமல் நின்றன. அணைத்துப் போட்டால் எல்லாருடைய வேலையும் பாழ். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாணவி ஒருத்தி முன்பு எழுதிய புரோகிராம் முடிவில்லாமல் ஓடி மெஷினை நிறுத்தியிருந்தது. அவள்தான் என்று முடிவுகட்டி, இனி கம்ப்யூட்டரைத் தொடாதே, நோட்டில் எழுதிப் பழகு என்று சொல்லிவிட்டேன்.

"ஏன் டீச்சர் என்னையவே சொல்றீங்க? தொடாம எப்பிடிப் பரீட்ச எழுதுறது?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. அவளுடைய அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மகள் தேறினால் மூணாறில் ஒரு ஓட்டல் அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அவள் அழவில்லை. தினமும் ஜீப்பில் வந்து, மூலையில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். வெள்ளிக்கிழமை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மெஷின் நின்ற நேரங்களைக் குறித்து வைத்திருந்தாள்.

"நான் தொடாத நாலு நாளும் நின்னுருக்கு டீச்சர்."

சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. இவளில்லை என்றால் வேறு யார்? கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

ஒருவர் ஒரே சமயத்தில் இத்தனை வேலைகளைத்தான் ஓட்டலாம் என்று அளவு கட்ட 'யூலிமிட்' என்றொரு கட்டளை உண்டு. அடித்துப் பார்த்தேன், அது என் திரையோடு சரி. பிறகு அதே அளவை எல்லாருக்கும் பொதுவான கோப்பில் எழுதினேன். மறுபடி திறந்தால் பாதிப் பேரால் உள்ளேயே போக முடியவில்லை. அளவு ஆளுக்கு அல்ல, பெயருக்கு. பதினெட்டுப் பேரும் ஒரே பெயரில் இருந்ததால் ஒருவர் அளவை எல்லாரும் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து பதினெட்டுப் பெயர்களை உருவாக்கி, பழையதையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் அளவு வைத்தேன்.

திங்கட்கிழமை பதினொன்றரை தாண்டியது, பன்னிரண்டும் தாண்டியது. மெஷின் நிற்கவில்லை. சரி, அளவை முட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் குற்றவாளி யார் என்று பட்டியலைப் பார்த்தேன். பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் சுத்தம். முட்டி நின்றது யாருமே உள்ளே போகாத பழைய பொதுப் பெயர். அதில் ஓடிக்கொண்டிருந்தது நான் எழுதிய புரோகிராம்.

மாணவர்களின் கோப்புகளை நிமிடத்துக்கு ஒருமுறை வேறு டிஸ்க்கில் பிரதியெடுக்க நானே வைத்தது அது. டிஸ்க் பழசாகி மெதுவாகியிருந்தது. ஒன்று முடியும் முன் அடுத்தது, அதற்குள் இன்னொன்று. காலையில் மெஷினைப் போட்டதும் தொடங்கி பதினொன்றரைக்குள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும்.

என் முகத்தில் ஈயாடவில்லை. யாருக்கும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம். அப்படி ஒரு நினைப்பும் வந்தது. ஆனால் மூலையில் அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து, எல்லார் முன்னிலும் தவறு என்னுடையது என்று சொல்லி, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டு, "எந்த சிஸ்டத்துல உக்காரணும் டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க மாலையில் அவளுக்காக மையத்தைத் திறந்து வைத்தேன். அவள் தேறினாள், வேலையும் கிடைத்தது. அதில் என் பங்கு ஒன்றுமில்லை, அவளை அத்தனை நாள் தடுத்ததுதான் என் பங்கு. இன்றும் எங்கேயாவது எதுவாவது நின்றுபோனால், நான் ஓடவிட்டது எது என்று பார்த்த பிறகுதான் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறேன்.