கணேசனின் பையில் இருந்த தாள்

இரண்டாயிரங்களின் நடுவில், இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குக் கணினி வகுப்புக்குப் போன காலத்தில், ஒரு விண்வெளி விளையாட்டில் பைத்தியமாகக் கிடந்தேன். வியாழனின் ஒரு நிலவிலிருந்து இன்னொன்றுக்கு ராக்கெட்டை அனுப்ப வேண்டும். நிலவு இப்போது இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் தவறிவிடும். ராக்கெட் போய்ச்சேரும்போது அது எங்கே இருக்குமோ அங்கே அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, மழைக்குப் பயந்து, நண்பன் கணேசனின் பையில் வைத்திருந்தேன்.

நானுஓயாவுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சிப்பாய் கணேசனின் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தான். வட்டங்கள், அம்புக்குறிகள், நடுவில் நான் வரைந்த ராக்கெட், சுற்றிலும் தமிழ் எழுத்து. யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம் அது.

“மேக்க காகெத?” யாருடையது என்று கேட்டான்.

நான் கணேசனுக்கு மூன்று இருக்கை பின்னால் இருந்தேன்.

“என்னோடது” என்று சிங்களத்தில் சொன்னான் கணேசன். அந்த விளையாட்டை அவன் தொட்டதுகூட இல்லை. அவனை இறக்கினார்கள். பஸ் புறப்பட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாயும்போது கணேசன் தோட்டத்து லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து தாளை நீட்டினான். “வெளையாட்டுன்னு நம்ப வைக்கிறதுக்குள்ள உசுரு போயிருச்சுடா.”

“ஏன்டா என் பேரச் சொல்லல?”

“சொன்னா ஒன்னையும் எறக்கியிருப்பாங்க. ஒருத்தன் போதாதா?”

நான் பின்னால் உட்கார்ந்திருந்ததைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கோ சுற்றும் நிலவு மூன்று நாள் கழித்து எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று மூன்று இருக்கை தாண்டி அவனிடம் நான் போகவில்லை.