ஹில்டெகார்ட் அக்காவின் பெயர்

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளில் பலர் என் பெயரைக் கேட்டு ஒருமுறையாவது சிரித்தவர்கள். கோபமில்லை, நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரை விட்டுவிட்டு அம்மாவின் வாழ்வைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அம்மா சாவகச்சேரியில் பிறந்தவர். ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது வயிற்றில் நான். முன்னரே வந்திருந்த அப்பா வேறோர் ஊர் முகாமில் இருந்தார். அனுமதியில்லாமல் அந்த ஊரைத் தாண்ட முடியாது. ஹம்பேர்க்கில் அம்மாவுக்கு வலி கண்டபோது, அவர் தங்கியிருந்த அகதிகள் விடுதிக்கு எதிர்வீட்டில் தனியே வாழ்ந்த ஹில்டெகார்ட் என்ற பெண்மணிதான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனார். நான் பிறக்கும்வரை அவர் அம்மாவின் கையை விடவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர் ஹில்டெகார்ட் அக்கா.

நட்சத்திரப்படி பெயர் வைக்கச் சொல்லி ஊரிலிருந்து கடிதம் வந்தது. அம்மா அப்பாவிடம் சொன்னாராம்: "நட்சத்திரம் பாத்த ஆக்கள் ஒருத்தரும் ஆசுப்பத்திரிக்கு வரேல்லை. அவ வந்தவ."

அப்படித்தான் எனக்கும் ஹில்டெகார்ட் என்று பெயர் வைத்தார். அது அந்தக் காலத்துப் பெயர் என்று அம்மாவுக்குத் தெரியாது. என் வகுப்புத் தோழிகளின் அம்மம்மாமாருக்குத்தான் அந்தப் பெயர் இருந்தது. இருபது வயதில், பெயரை மாற்ற விண்ணப்பம் எடுத்து வந்தேன். அம்மா மறிக்கவில்லை.

"உன்ரை பேர், உன்ரை விருப்பம். ஆனா அவவுக்கு நீயே போய்ச் சொல்லு."

முதியோர் இல்லத்தில் அவரைப் பார்த்துச் சொன்னேன். பழைய ஜெர்மன் மொழியில் ஹில்ட் என்றால் போர், கார்ட் என்றால் காவல் என்றார். தன் அத்தையின் பெயராம். இளமையில் தனக்கும் பிடிக்காதாம். "தாராளமாக மாற்றிக்கொள்" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை இழுப்பறைக்குள் போட்டேன். கையெழுத்து வைக்கவும் மனம் வரவில்லை, கிழிக்கவும் வரவில்லை. சில வருடங்களில் அவர் காலமானார்.

அம்மா அலுவலகங்களைத் துடைத்துத்தான் எங்களைப் படிப்பித்தார். புதிதாக வந்த எந்தக் கர்ப்பிணியையும் தனியே ஆஸ்பத்திரிக்குப் போகவிட்டதில்லை. இந்த மலரைப் பெறுகிறவர்களில் சிலர் பிறந்தபோதும் அம்மாதான் பக்கத்தில் நின்றார்.

என்னை என்றைக்கும் "பிள்ளை" என்றே அழைத்தவர். கடைசிக் கிழமை முழுவதும் அம்மாவுக்கு நினைவு தடுமாறியது. வலி கூடிய ஒரு பிற்பகலில் என் கையை இறுகப் பிடித்தார்.

"ஹில்டெகார்ட் அக்கா, கையை விட்டிடாதேங்கோ."

என்னை யாரென்று நினைக்கிறார் என்பது விளங்கியது. "ஓம், விடமாட்டன்" என்றேன். மறுநாள் காலை அம்மா போனபோதும் அவர் கை என் கையில்தான் இருந்தது.

அம்மாவைப் பராமரித்த தாதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த உறவுகளுக்கும், கிரியைகளைச் செய்துதந்த ஐயருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இழுப்பறையில் கிடந்த விண்ணப்பத்தை நேற்றுக் கிழித்துவிட்டேன்.

அம்மாவின் மகள்,
ஹில்டெகார்ட்