அண்ணன்காரன் கத்தியைக் கீழே போட்ட படம்

என் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்த முறை சரியில்லை என்று பெரியப்பா அப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டபோது எனக்கு ஐந்து வயது. கூடப்பிறந்த அண்ணனுக்கு நேரில் போய்த் தட்டில் வைத்துக் கொடுக்காமல், மாமா கையில் அப்பா பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டாராம். நான் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். என் காது ஓட்டை ஆறிப் பல வருஷம் ஆகியும் அவர்களுக்கு ஆறவில்லை.

இத்தனைக்கும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே, தாத்தா கட்டிய வீட்டை நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். பின்பக்க முற்றமும் தண்ணீர்த் தொட்டியும் பொது. அம்மாவும் பெரியம்மாவும் குழம்பு மாற்றிக்கொள்வார்கள். பெரியப்பா மகனான அண்ணன் பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். ஆண்கள் இருவர் மட்டும் எதிரில் வந்தால் ஒருவர் தொட்டியைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார்.

இருவருமே பழைய சீனச் சண்டைப் படங்களுக்குப் பைத்தியம். இளவட்டமாக இருந்தபோது ஒரே சைக்கிளில் தியேட்டருக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்கள். புதுப் படங்கள் அப்பாவுக்கு ஆகாது. "இவன் கயித்துல தொங்குறான். பழைய ஆளுக நெசமாவே அடி வாங்குவாங்க" என்பார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பும் முன் கண்ணாடி முன்னால் நின்று கொக்கு அடி, பாம்பு அடி, கும்பிடுபூச்சி அடி என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவார். கொக்கு அடியில்தான் அம்மாவின் பவுடர் டப்பா உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் அந்தப் படங்களைத் தமிழில் போடுவார்கள். வாய் அசைந்து முடித்த பிறகும் வசனம் வந்துகொண்டே இருக்கும். வெள்ளைத் தாடிக் குருநாதர் நம்மூர்க்காரர் மாதிரி பேசுவார். சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா சிரித்தால், அதே நொடியில் அந்தப் பக்கம் பெரியப்பா சிரிப்பார். உடனே அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவார். அந்தப் பக்கமும் சத்தம் கூடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்தில் இரண்டு பேர் ஒரே குருநாதரிடம் படித்த அண்ணன் தம்பிகள். அண்ணன் எதிரியோடு சேர்ந்துவிடுகிறான். கடைசியில் மூங்கில் காட்டில் இருவரும் கத்தியோடு எதிரெதிரே நின்றார்கள். நான் தலையணையைக் கட்டிக்கொண்டேன். கரண்ட் போய்விட்டது.

சுவரின் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் "ஐயோ" என்று சத்தம் எழுந்தது. புழுக்கம் தாங்காமல் எல்லாரும் முற்றத்துக்கு வந்தோம். பெரியப்பா கவிழ்த்த வாளி ஒன்றில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க தியேட்டர்ல பாத்தீங்கள்ல, மிச்சத்தச் சொல்லுங்கப்பா."

அப்பாவுக்கு அது போதும். ஒட்டடைக் கம்பை எடுத்துக் கத்தியாக்கிக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஏறி நின்றார். "அண்ணங்காரன் ஒரு வெட்டு வெட்டுறான், பத்து மூங்கிலு சரியுது. தம்பி மேலேயே பறந்து வாரான். அண்ணன் கத்தி ரெண்டா போயிருச்சு. கீழ விழுந்து கெடக்கான். தம்பி கத்திய ஓங்குறான்..."

ஓங்கிய ஒட்டடைக் கம்பு அப்படியே நின்றது. அப்பா பெரியப்பாவின் முதுகைப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றான் பெரியப்பா மகன்.

"அப்புறம் என்ன, கத்தியக் கீழ போட்டுட்டான். ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க."

"போங்க சித்தப்பா, பொய் சொல்றீங்க. சண்டப் படத்துல எவனாச்சும் கட்டிப் பிடிப்பானா? அப்பா, நீங்களும் பாத்த படந்தானே? சொல்லுங்க."

கேட்கக் கூடாத ஆளிடம் அவன் கேட்டுவிட்டான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பாவின் துண்டு விசிறுவதை நிறுத்தியது.

"கட்டிப் பிடிச்சது நெசந்தான்" என்றார் பெரியப்பா, திரும்பாமலேயே. "ஆனா மொதல்ல கத்தியப் போட்டது அண்ணங்காரன். ஒங்க சித்தப்பனுக்கு அம்புட்டு ஞாபகம் பத்தாது."

"அண்ணன் கத்திதான் ஒடஞ்சு போச்சே, அவன் எதப் போடுவான்? தம்பிதான் போட்டான்" என்றார் அப்பா.

"கையில பாதிக் கத்தி இருந்துச்சுல்ல? அதப் போட்டான்."

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க..."

அந்த 'அண்ணே'வைக் கேட்டதும் பெரியம்மா எழுந்து டீ போடப் போய்விட்டாள். பெரியப்பா வாளியிலேயே திரும்பி எங்களைப் பார்க்க உட்கார்ந்தார். யார் முதலில் கத்தியைப் போட்டது என்று இருவரும் வாதாடினார்கள். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நினைத்தேன்.

கரண்ட் வந்தது. இரண்டு டிவியும் ஒன்றாக உயிர்பெற்றன. கத்தி மோதும் சத்தம் கேட்டது. படம் இன்னும் முடியவில்லை! நான் உள்ளே பாய்ந்தேன். எனக்கு முன்னால் அப்பா கட்டிலைத் தாண்டிக் குதித்து டிவியை அணைத்தார். வாழ்நாளில் அவர் செய்ததிலேயே அழகான பாய்ச்சல் அதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, "ஏலே, அமத்துடா அத!" என்று கத்தினார்.

நான் அழுதேன். "அதான் முடிவச் சொல்லியாச்சுல்ல, பெறகென்ன?" என்றார் அப்பா.

மறுநாள் பள்ளியில், நாகல் நகரிலிருந்து வரும் ஒரு பையன் தன் வீட்டில் கரண்ட் போகவே இல்லை என்றான். தம்பி கத்தியால் குத்திவிட்டானாம். அண்ணன் அவன் மடியிலேயே செத்தானாம். நான் அவனுக்குக் கும்பிடுபூச்சி அடி ஒன்று வைத்தேன். டீச்சர் என்னை முட்டி போட வைத்தார்.

"பொய் சொல்றான் டீச்சர்" என்றேன். "எங்கப்பாவும் பெரியப்பாவும் தியேட்டர்ல பாத்தவங்க. ரெண்டு பேருமே சொன்னாங்க."

முட்டி வலித்தது, ஆனால் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நேரில் பார்த்த இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போது நினைத்திருந்தேன்.